உருளையில் இழுப்பதா, தெளிப்பதா

ஜாலான் புசார் கடையில் ஆ கியோங்
மேசைமேல் டின்களை வைத்தான்.
விலை சொல்லாமல் ஒன்றின் மூடியைத் தட்டிக் காட்டினான்.
விலை கூடுதல் என்பதற்கு அவன் கடையில் அதுதான் ஓசை.

இரண்டு டப்பா கலக்கிற பாலியூரித்தேன்,
கலந்த நாற்பதாவது நிமிடம் கல்லாகிவிடும்.
ரப்பர்ப் பொடி போட்டது பாதி விலை,
வாசனைகூட இல்லை,
"ஆனா லா..." என்று அங்கேயே நிறுத்திக்கொண்டான்.
பீய்ச்சித் தெளிப்பது என்றால்
காற்று இயந்திரம் வாடகைக்கு, முகமூடி தனியாக,
தெளித்துப் பழகிய கை வேறு வேண்டும்.
என் கை புல்வெட்டிய கை.

பத்து வருட உத்தரவாதம் என்கிறது டின்.
என் பத்தடி லாரியின் உரிமைச் சான்றிதழில்
மிச்சம் மூன்று வருடம் நான்கு மாதம்.
பிறகு அது வெறும் இரும்பு, எடைக்குப் போகும்.
ஏதோ ஒரு கிடங்கில் நசுங்கிக் கிடந்தபடி
மீதி ஆறு வருடம் எட்டு மாதமும்
பூச்சு மட்டும்
சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

தகரத் துண்டுகளில் பூசித் தா, பார்க்கலாம் என்றேன்.
சிரித்தான். தந்தான்.

கிளமெண்டி வடிகாலோரம் வேலை முடிந்த மதியம்
துண்டுகளை லாரித் தளத்தில் வெயிலில் பரப்பினேன்.
எழுதிவைத்த தாள் பையில் இருந்தது:
இயந்திரம் வழுக்கக் கூடாது
பெட்ரோல் ஊறக் கூடாது
மண்வெட்டி விழுந்தால் பெயரக் கூடாது.

மொஃபிசூல் ஏறி ஒரு துண்டின் மேல் உட்கார்ந்தான்.
எழுந்து அடுத்ததில் உட்கார்ந்து அசைந்து பார்த்தான்.
"பாஸ், இது ரொம்ப சொரசொர. கால்சட்டை ஒரு மாசம் தாங்காது."
கறுப்புத் துண்டில் கை வைத்த திருமேனி
உதறிக்கொண்டே சொன்னான்,
"முட்டை ஊத்தலாம்ணே."

என் தாளில்
உட்காருவது என்றொரு வரி இல்லை.
காலை ஐந்தே முக்காலுக்கும் இருட்டிய பிறகும்
கிராஞ்சி விரைவுச்சாலையில்
என் முதுகுக்குப் பின்னால் எட்டுப் பேர்.
கண்ணாடியில் நான் பார்ப்பதோ
கயிறு இறுகியிருக்கிறதா என்று.

சாம்பல் நிறம். மெல்லிய சொரசொரப்பு. உருளை.
காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு, சுங்கை காடுட்டில்
சுல்கர்னைனின் பலகைப் பட்டறை.
வரும் என்றது வானம், வராது என்றது கைப்பேசி.
பழைய பெயின்டைச் சுரண்டச் சுரண்ட
இயந்திரம் நிற்கிற இடமெல்லாம் துரு,
தவிடு மாதிரி கொட்டியது.
ஓரங்களில் மட்டும்
பக்கத்துக்கு நான்கு இடம்
துருவே ஏறவில்லை.
ஒவ்வொன்றும் ஓர் ஆள் அகலம்.
தேய்ந்து தேய்ந்து
எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது தகடு,
குனிந்தால் என் தாடை தெரிந்தது.

பளபளப்பில் பூச்சு பிடிக்காது.
டின்னிலேயே போட்டிருக்கிறது, தடித்த எழுத்தில்.

எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.
யாருடைய இடம் எது என்று தெரியாமலேயே
எட்டையும் தேய்த்து மங்கலாக்கினேன்.
துருவைவிட அதுதான் அதிக நேரம் எடுத்தது.

கலந்தாயிற்று. நாற்பது நிமிடம்.
முப்பத்தைந்தில் தூறல்.
கித்தானை இழுத்துக்கொண்டு ஓடிவந்த சுல்கர்னைன்
இரண்டு மொழியில் திட்டினான், பாதி மழையை.
பின்கதவோரம் அவன் கட்டைவிரல் பதிந்துவிட்டது.
அதற்கும் பத்து வருட உத்தரவாதம்.

திங்கள் முழுக்கக் காயவிட்டேன்,
எட்டுப் பேர் கூலி என் பையிலிருந்து.

செவ்வாய், இருட்டு விலகாத விடுதி வாசலில்
லாரியைச் சுற்றி நின்றார்கள்.
திருமேனி குனிந்து முகர்ந்தான்.
மொஃபிசூல் உள்ளங்கையால் ஒருமுறை தடவினான்,
"நல்லாருக்கு பாஸ்."

பிறகு வழக்கமான அட்டைகளை,
யார் வீட்டுக்கோ குளிர்பெட்டி வந்த அந்தப் பழுப்பு அட்டைகளை
விரித்து
மேலே உட்கார்ந்தார்கள்.